சிறியதைப் பெரிதாக்கவா, பெரியதைக் குறைக்கவா?

இரண்டு மார்பகமும் ஒரே அளவாக அநேகமாக யாருக்கும் இருப்பதில்லை. ஒரு கப் அளவுக்கு மேல் வித்தியாசம் தெரிந்து, பிராவில் துணி வைத்துக்கொண்டுதான் வெளியே போக முடிகிறது என்றால் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். 18 வயதுக்கு முன்பும், பால் கொடுப்பதை நிறுத்தி 6 மாதம் ஆகும் முன்பும் வேண்டாம். அளவு இன்னும் மாறும். ஒரு பக்கம் திடீரென்று பெருத்தாலோ கட்டி தட்டுப்பட்டாலோ முதலில் ஸ்கேன்தான்.

சிறிய பக்கத்தைப் பெரிதாக்கப் பலரும் கேட்பது சிலிகான் இம்பிளாண்ட், அதாவது சிலிகான் பை. மார்பகத்தின் அடிமடிப்பில் சிறு கீறல் போட்டு, பால் சுரப்பிக்கோ நெஞ்சுத் தசைக்கோ அடியில் பையை வைப்பார்கள். கண்ணாடியில் உடனே பலன் தெரியும். ஆனால் எடை ஏறினாலும் வயதானாலும் இயற்கையான பக்கம் பெருக்கும், தொங்கும். பை வைத்த பக்கம் அந்த அளவுக்கு மாறாது. சில ஆண்டுகளில் வித்தியாசம் வேறு வடிவில் திரும்பிவிடும். பையைச் சுற்றி உடல் கட்டும் உறை இறுகி, சிலருக்கு மார்பகம் கல் போலாகும். ஆயுள் முழுக்க உழைக்கும் பொருளும் அல்ல. பின்னால் மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தே இறங்குங்கள். மேற்பரப்பு வழவழப்பானதா என்று கேளுங்கள்: சொரசொரப்பான பைகளுக்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் ஓர் அரிய வகைக்கும் தொடர்பு தெரிந்து, 2019இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையைத் திரும்பப் பெற்றது.

சிறிய பக்கத்தில் உடலின் சொந்தக் கொழுப்பையே ஏற்றுவது வித்தியாசம் குறைவானவர்களுக்குச் சரி. வயிறு, தொடையிலிருந்து உறிஞ்சியதைச் சன்னக் குழாயால் அடுக்கடுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் நடுவே ரத்தம் எட்டாது. அந்தக் கொழுப்பு செத்து எண்ணெய்க் கட்டியாகும். ஏற்றியதில் பாதி வரை கரையக்கூடும் என்பதால் சில மாத இடைவெளியில் மறுபடி செய்யவேண்டி வரலாம்.

பெரிய பக்கம் கனத்துத் தொங்கினால் எங்கள் சிபாரிசு அதைக் குறைப்பதுதான். அந்நியப் பொருள் இல்லை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக முதுமை அடையும், தோள்வலியும் குறையும். விலை தழும்பு: காம்பைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து கீழே ஒன்று, பெரும்பாலும் அடிமடிப்பில் இன்னொன்று. கீழ்க்கோடும் மடிப்பும் சேரும் முனையில்தான் தோல் அதிகம் இழுபடும், ரத்தம் குறைவு. பிரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிரியும். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக் கடலோரப் புழுக்கத்தில் மடிப்பில் வியர்வை தேங்கி அதை இன்னும் மோசமாக்கும். முடிந்தால் சித்திரை, வைகாசியைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பழக்கத்தைக் குறைந்தது 4 வாரம் முன்பே விடவேண்டும். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கவேண்டும். காம்பில் உணர்ச்சி மங்கலாம், பால் கொடுப்பதும் பாதிக்கப்படலாம். குழந்தை வேண்டும் என்று திட்டமிருந்தால் தேதி குறிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. எங்கே செய்தாலும், வெட்டி எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பி அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.