எழும்பூர்–திருநெல்வேலி வந்தே பாரத்: பெட்டித் தரைக்கு அடியில் தீர்த்த சிக்கல்கள்

சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் எட்டு மணி நேரத்தில் கடக்கும் இந்தச் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்; அதற்கான காரணம் பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பொறியாளர்களின் வேலையில் இருக்கிறது.

மணிக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடத் தகுதி பெற்ற இந்த வண்டி, இத்தடத்தில் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை. தாம்பரம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை என நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் சட்டென்று வேகமெடுப்பதால்தான் நேரம் மிச்சமாகிறது. சக்கரம் வழுக்காமல் எவ்வளவு விசையோடு இழுக்கலாம் என்பதை அதன் மேல் அமரும் எடையே தீர்மானிப்பதால், முன்னால் நிற்கும் ஓர் எஞ்சின் எவ்வளவு ஆற்றல் உடையதானாலும் ஓர் எல்லைக்கு மேல் விரைந்து கிளம்ப முடியாது. 2018-இல் ‘டிரெயின் 18’ என்ற பெயரில் முதல் வண்டியை உருவாக்கியபோது, பொறியாளர்கள் எஞ்சினையே நீக்கிவிட்டு, பெட்டிகளில் பாதிக்கு மோட்டார் பொருத்தி, இழுக்கும் வேலையைப் பல சக்கரங்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள். அடுத்து வந்த வடிவம் 52 விநாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதாக அரசு அறிவித்தது.

ஒரு சிக்கலைத் தீர்த்ததும் இன்னொன்று முளைத்தது. எஞ்சினில் இருந்திருக்க வேண்டிய மின்மாற்றியும் மற்ற மின்சாதனங்களும் பெட்டிகளின் தரைக்கு அடியில் போய்விட்டதால், தண்டவாளத்தில் தேங்கும் மழைநீர் அவற்றுக்கு ஆபத்தானது. மழைக்காலச் சென்னையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் வடிவம் 400 மில்லிமீட்டர் உயர வெள்ளத்தைத் தாங்கியது. அடுத்தது 650 மில்லிமீட்டர் வரை தாங்கும்படி செய்யப்பட்டதோடு, வண்டியின் எடையும் 430 டன்னிலிருந்து 392 டன்னாகக் குறைக்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: பாதுகாப்பைக் கூட்டிக்கொண்டே எடையைக் குறைப்பது எளிய காரியமன்று.

பயணிகள் சொன்ன குறைகளையும் அதே அக்கறையோடு கேட்டிருக்கிறார்கள். 2023-இல் வந்த வண்டிகளில் இருக்கையின் சாய்வு 17.31 பாகையிலிருந்து 19.37 பாகையாக உயர்ந்தது. நீர் தெறிக்காதபடி கைகழுவும் தொட்டி ஆழமானது. சார்ஜர் சொருகும் இடம் கைக்கெட்டும்படி மாறியது. இரண்டு பாகை அற்பமாகத் தோன்றலாம், ஆனால் விருதுநகரைத் தாண்டும் வேளையில் முதுகு அந்த வேறுபாட்டை உணர்கிறது.

மோட்டார் உள்ள பெட்டிகளில் கிளம்பும்போது மெல்லிய உறுமல் கேட்கும். உரையாடலுக்கு அது இடையூறாக இல்லை. சாதாரண சேர் காரே போதுமானது. எட்டு மணி நேரம் உட்கார இயலாத பெரியவர்களை அழைத்துச் செல்வோர் மட்டும், இரவில் படுத்துச் செல்லக்கூடிய நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்வது நல்லது.