பருவ இறுதிப் படிவமா, நடுவிலேயே கேட்பதா?

மாணவர்களிடம் கருத்துக் கேட்க எது நல்ல வழி என்று புதிய விரிவுரையாளர்கள் கேட்கிறார்கள். பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிட்டு நிரப்பும் படிவம், பருவ நடுவில் நானே கொடுத்து வாங்கும் சிறு சீட்டு, இரண்டையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்.

பயன்
இறுதிப் படிவம்: கைக்கு வரும்போது வகுப்பே கலைந்திருக்கும். பலன் அடுத்து வருபவர்களுக்குத்தான்.
நடுப்பருவச் சீட்டு: இரண்டே கேள்வி. எது புரிய உதவுகிறது, எதை மாற்றலாம்? ஒருமுறை பாதிச் சீட்டுகளில் "பலகையைச் சீக்கிரம் அழிச்சிடுறீங்க சார்" என்றிருந்தது. மறுநாளே மாற்றிக்கொண்டேன்.

மனம் திறப்பது
இறுதிப் படிவம்: பெயர் இல்லாததால் தயங்காமல் எழுதுவார்கள்.
நடுப்பருவச் சீட்டு: கையெழுத்து காட்டிக்கொடுக்குமோ என்ற பயம் இருக்கும். வகுப்புப் பிரதிநிதி தொகுத்துத் தந்தால் சரியாகிவிடும்.

பதவி உயர்வு
இறுதிப் படிவம்: மாணவர்கள் தரும் மதிப்பெண்ணின் சராசரி நேராக ஆசிரியரின் பணிக் கோப்பில் ஏறும். எங்கள் ஆதங்கமே இதுதான். பத்துப் பேர் நிரப்புகிறார்கள், ஒன்பது பேர் 5க்கு 4 தருகிறார்கள், ஒருவர் கோபத்தில் 1 போடுகிறார்; சராசரி 3.7 ஆகிவிடும். அப்புறம், 2017இல் உட்ல் என்ற உளவியல் ஆய்வாளரின் குழு, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்த மதிப்பீட்டுக்கும் மாணவர் உண்மையில் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்றது.
நடுப்பருவச் சீட்டு: கோப்புக்குப் போகாது.

கற்பிக்கும் விதத்தைத் திருத்த நினைப்பவருக்கு நடுப்பருவச் சீட்டுதான். ஒரே பாடத்தைப் பல ஆண்டு நடத்துபவருக்கு இறுதிப் படிவமும் உதவும். ஆனால் எண்ணுக்கு முன் எழுதிய வரிகளைப் படியுங்கள். பதவி உயர்வைத் தீர்மானிக்க இரண்டுமே போதாது. சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.