ரிவால்வரா, பிஸ்டலா? கடற்கரைக்காரர் எதை வாங்கலாம்

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கீழக்கரை, தொண்டிப் பக்கத்து நகைக்கடைக்காரர்கள் குழம்புவது இங்கேதான். 9 மி.மீ. குழல் பொதுமக்களுக்குக் கிடையாது, ஆக போட்டி .32 (அங்குலத்தில் குழல் அளவு) ரிவால்வருக்கும் .32 பிஸ்டலுக்கும். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும்; பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியில்.

வயது: ரிவால்வருக்கு சாமுவேல் கோல்ட் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836-ல். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் .32 பிஸ்டல் தோட்டா 1899-ல் வந்தது. 1980களில் பிளாஸ்டிக் உடலோடு கிளாக் என்ற பிஸ்டல் வந்தபின் அமெரிக்கப் போலீசே ரிவால்வரை ஓரங்கட்டத் தொடங்கியது.

தோட்டா: ரிவால்வரில் பெரும்பாலும் 6. பிஸ்டலில் 7, 8. மேகசினை மாற்றினால் அடுத்த சுற்று தயார். இரண்டுக்கும் .32 என்றே பெயர், ஆனால் ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகாது. கடையில் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

தோட்டா வெடிக்காவிட்டால்: ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் உருளை சுழன்று அடுத்தது வரும். பிஸ்டலில் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தை, பின்னால் இழுத்துவிட வேண்டும்; பழகாத கை பதற்றத்தில் தடுமாறும்.

உப்புக்காற்று: இதுதான் நம்ம ஊர்ப் பிரச்சினை. பலர் தோலுறையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உறை உரசும் இடமெல்லாம் செம்புள்ளி. உறையை விட்டு எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். ரிவால்வருக்குக் குழலையும் உருளையில் தோட்டா போடும் அறைகளையும் துடைத்தால் பெரும்பாலும் போதும். பிஸ்டலைக் கழற்றி ஸ்பிரிங், மேகசின் உள்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். சோம்பேறிக்கு ஆகாது.

அப்புறம், பீரோவில் கிடந்து எப்போதாவது எடுப்பதென்றால் ரிவால்வர். ஒழுங்காகப் பயிற்சி எடுப்பவர், இடுப்பில் தட்டையாக இருக்க வேண்டும் என்பவர் பிஸ்டலே வாங்கலாம்.