நர்ஸ் யூனிஃபார்ம் துவைக்க ஹீட்டர் வைத்த வாஷிங் மெஷின்: எட்டு மாதம் ஓட்டிய அனுபவம்

நான் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் ஆஸ்பத்திரியில் யூனிஃபார்ம் துவைத்துத் தருவதில்லை, வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும். நைட் டியூட்டி முடிந்து கதவைத் திறந்தால் ஒன்றரை வயதுப் பையன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வான். "தொடாதடா கண்ணா" என்று பாத்ரூமுக்கு ஓடுவேன், அவன் அழுதபடி நிற்பான். பொறுக்க முடியாமல்தான் பழைய டாப் லோடைக் கொடுத்துவிட்டு, உள்ளேயே ஹீட்டர் உள்ள 7 கிலோ ஃப்ரண்ட் லோட் வாங்கினோம்.

முதல் மாதம் வீண். கடைக்காரர் பெருமையாகக் காட்டியது 15 நிமிட குயிக் வாஷ், நானும் அவசரத்துக்கு அதையே போட்டேன். ஒருநாள் ஓடும்போது கண்ணாடிக் கதவில் புறங்கையை வைத்தால் சில்லென்று இருந்தது. வெறும் பச்சைத் தண்ணீர்! ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா எல்லாம் துணியில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும், அதிலும் பாக்கெட் விளிம்பு, கைமுனை, வயிற்றுப் பக்கம்தான் அதிகம் படும். 60 டிகிரியில் 10 நிமிடம் துவைத்தால் கிட்டத்தட்ட எல்லா நுண்ணுயிரும் போய்விடும் என்பது இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். வழிகாட்டுதல்.

இப்போது 'காட்டன் 60' மட்டும்தான். யூனிஃபார்ம் தனியாக, டிரம்மை அடைக்காமல். பாதி நேரத்தில் கண்ணாடி நன்றாகவே சுடுகிறது, அழுக்கு வாடையும் போய்விட்டது. ஆனால் இரண்டரை மணி நேரம் ஆகிறது. நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது, தண்ணீர் அதற்குள் ஆறிவிடும் என்பதால் மறுபடி முதலிலிருந்து போடுகிறேன். தண்ணீர் நிஜமாகவே 60 தொட்டதா என்று காட்டும் வசதி இல்லை, இது பெரிய குறை. கதவு ரப்பர் மடிப்பில் கறுப்பாகப் பிசுக்கு பிடிக்கிறது. வாரம் ஒருமுறை துடைத்து, மாதம் ஒருமுறை துணி இல்லாமல் சுடுதண்ணீரில் ஓட்டுகிறேன். போர் தண்ணீர் என்றால் ஹீட்டரில் உப்புப் படியும், அதற்கும் மருந்து போட வேண்டும்.

மெஷின் பாதி வேலைதான் செய்யும். டியூட்டி முடிந்ததும் அங்கேயே வேறு சுடிதார் மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். யூனிஃபார்ம் துணிப்பையில் வருகிறது, பையோடு அப்படியே மெஷினுக்குள் போகிறது, உதறுவதே இல்லை. பையனை வாசலிலேயே தூக்கிக்கொள்கிறேன்.

வாங்குகிறவர்கள் 'ஹாட் வாஷ்' ஸ்டிக்கரை நம்பாதீர்கள், கீசர் வெந்நீரை இழுக்கும் மாடலும் உண்டு. ஹீட்டர் உள்ளேயே இருக்கிறதா, 60 என்று தனியாக வைக்க முடியுமா, இரண்டையும் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.