சர்வர் நின்றால் கையில் என்ன மிஞ்சும்? உள்ளரங்க சைக்கிள் ஆப்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

உள்ளரங்க சைக்கிள் பயிற்சிக்கு எந்த ஆப் நல்லது என்ற பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் திரையில் தெரியும் காட்சியின் அழகில் தொடங்கி, வொர்க்அவுட்களின் எண்ணிக்கையில் போய் நிற்கிறது. நான் முதலில் பார்ப்பது வேறு. இந்த ஆப் ஓடுவதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? அது நின்றுபோனால் ஓட்டுபவர் கையில் என்ன மிஞ்சும்? சைக்கிளைப் பூட்டி வீட்டுக்குள் ஓட்ட உதவும், ஆப் சொல்கிறபடி பெடலின் எதிர்ப்பை மாற்றும் கருவிதான் ஸ்மார்ட் ட்ரெய்னர்; ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அது வருடக்கணக்கில் உழைக்கும். அதை இயக்கும் ஆப்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இதற்கு ஆர்ஜிடியின் கதையே போதும். ரோட் கிராண்ட் டூர்ஸ் என்ற பெயரில் வந்த அந்த ஆப்பில் ஸ்டெல்வியோ, மோன் வான்டூ, காப் ஃபொர்மென்டோர் போன்ற நிஜச் சாலைகள் மெய்நிகராக இருந்தன. கூர்மையான வளைவு வந்தால் வேகம் தானாகக் குறையும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றின் எதிர்ப்பு குறையும். இந்தக் கணக்குகளை அது அக்கறையோடு செய்தது. மேஜிக் ரோட்ஸ் என்று ஒரு வசதியும் இருந்தது; நாம் வெளியே ஓட்டிய பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை அனுப்பினால் அதே ஏற்ற இறக்கத்தோடு ஒரு மெய்நிகர் சாலையை உருவாக்கித் தரும். அவ்வளவு நல்ல யோசனை அது.

2022 ஏப்ரலில் ட்ரெய்னர் தயாரிப்பாளரான வாஹூ ஆர்ஜிடியை வாங்கியது. அதற்கு முன்பே 2019-இல் சஃபர்ஃபெஸ்ட் என்ற பயிற்சி ஆப்பை வாங்கி, பிறகு சிஸ்டம் என்று பெயர் மாற்றியிருந்தது. இரண்டையும் சேர்த்து வாஹூ எக்ஸ் என்ற ஒரே சந்தாவாக, மாதம் 14.99 டாலருக்குத் தந்தது. ஆனால் கொரோனா காலத்தில் எகிறிய ட்ரெய்னர் விற்பனை விழுந்ததும் வாஹூ கடனில் சிக்கிக்கொண்டது. 2023 மே மாதம் நிறுவனர் சிப் ஹாக்கின்ஸ் முன்னின்று நிறுவனத்தை மீட்டெடுத்தார். அந்த வருடமே, அக்டோபர் 31-ஆம் தேதியோடு, ஆர்ஜிடி மூடப்பட்டது. தொழில்நுட்பத்தில் குறை இருந்ததால் அது மூடப்படவில்லை. தாய் நிறுவனத்துக்குப் பண நெருக்கடி வந்தது, உள்ளே ஓட்டும் கூட்டமும் போதவில்லை. மற்ற ஆப்களை எடைபோடும்போது இந்த இரண்டையும்தான் நான் தராசில் வைக்கிறேன்: பணம், கூட்டம்.

கூட்டத்தில் ஜ்விஃப்ட்டுக்குப் போட்டியே இல்லை. எரிக் மின், ஜான் மேஃபீல்டு உள்ளிட்டோர் தொடங்கிய அந்த நிறுவனம் 2014-இல் சோதனைப் பதிப்பைத் திறந்தது. எந்த நேரத்தில் நுழைந்தாலும் வட்டோபியா என்ற அதன் மெய்நிகர் தீவில் சேர்ந்து ஓட்ட ஆள் இருக்கும். எந்த வேகத்துக்கும் ஒரு குழு ஓட்டம், எந்தத் தரத்துக்கும் ஒரு ரேஸ். இதை வேறு யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரு ரேஸில் நான்கு பேர் மட்டும் இருந்தால் எவ்வளவு அழகான சாலையும் வெறிச்சோடிப் போகும். ஜ்விஃப்ட்டின் காட்சிகள் பழையவை என்ற புகார் நியாயமானதுதான். இருந்தும் அதன் இடம் அசையாததற்குக் காரணம் அந்தக் கூட்டம்.

பணக் கணக்கில் மட்டும் அது நேர்கோட்டில் வளரவில்லை. 2020 செப்டம்பரில் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 45 கோடி டாலர் முதலீடு வந்தது. நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது. எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் அது. அந்த வளர்ச்சி அப்படியே நீடிக்கும் என்று நம்பிப் போட்ட பணம். நீடிக்கவில்லை. 2022 மே மாதம் சுமார் 150 பேர் வேலையிழந்தார்கள், சொந்த வன்பொருள் திட்டம் சுருங்கியது. அந்த வருடக் கடைசியில் 499 டாலருக்கு ஜ்விஃப்ட் ஹப் என்ற ட்ரெய்னர் வந்தது. வாஹூ காப்புரிமை வழக்குப் போட்டது. 2023-இல் இருவரும் சமாதானமாகி, வாஹூவின் கிக்கர் கோர் ட்ரெய்னரையே ஜ்விஃப்ட் பெயரோடு சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். ஆர்ஜிடி மூடப்பட்டதும் அதே சில வாரங்களில்தான். 2024-இல் இன்னொரு சுற்று ஆட்குறைப்பு. பிறகு மாதச் சந்தா 14.99-இலிருந்து 19.99 டாலரானது.

சந்தா ஏறியதில் பலருக்குக் கோபம். எனக்கு அது ஒருவகையில் நம்பிக்கை தந்த செய்தி. முதலீட்டாளர் பணத்தில் காலம் தள்ளாமல், ஓட்டுபவர்கள் தரும் பணத்தில் நிற்க ஒரு நிறுவனம் முடிவெடுத்தால் அது நீடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கொரோனா கால உச்சத்தில் பணம் போட்டவர்கள் என்றாவது ஒரு நாள் அதைத் திரும்பக் கேட்பார்கள். பங்குச்சந்தைக்குப் போவதா, யாரிடமாவது விற்பதா, சந்தாவை மறுபடி ஏற்றுவதா என்ற கேள்வி அவர்கள் முன் இருக்கிறது. ஜ்விஃப்ட் மூடப்படும் என்று நான் நினைக்கவில்லை. கைமாறும் வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் நிற்பது மைவூஷ். அபுதாபியில் பிறந்த ஆப். சந்தா இல்லை. ரேஸ், குழு ஓட்டம், வொர்க்அவுட் எல்லாம் இலவசம், ரேஸ்களில் ரொக்கப் பரிசு வேறு. 2020, 2022, 2023 ஆகிய வருடங்களில் ஜ்விஃப்ட்டில் நடந்த, உலக சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐயின் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப்பை 2024 முதல் மூன்று வருடங்களுக்கு மைவூஷ் பெற்றது. 2024 இறுதிப்போட்டி அபுதாபியில், எல்லாப் போட்டியாளர்களும் ஒரே அரங்கில் அமர்ந்து ஓட்ட நடந்தது. எடையைக் குறைத்துச் சொல்வது, ட்ரெய்னர் அளவீட்டை ஏமாற்றுவது போன்ற சந்தேகங்களுக்கு அதைவிட நேர்மையான பதில் இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே மைவூஷ் மீது எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் ஓட்டுபவர் சந்தா தராத ஆப்பில், ஆப்பின் ஆயுளை முடிவு செய்பவரும் ஓட்டுபவர் அல்ல. சந்தா வாங்கும் நிறுவனத்தில் நாம் விலகினால் வருமானம் குறையும், அது அவர்களுக்கு உடனே உறைக்கும். மைவூஷில் பணம் தருபவரின் ஆர்வம் இருக்கும் வரை எல்லாம் நன்றாக இருக்கும். அந்த ஆர்வம் எவ்வளவு காலம் என்பது வெளியே இருக்கும் நமக்குத் தெரிய வழியில்லை. அது 20 வருடம் நீடிக்கலாம். ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவோடு முடிந்தும் போகலாம். இதில் இன்னொரு பக்கமும் உண்டு: இலவச ஆப் ஒன்று இவ்வளவு தரமாக இருக்கும்போது, அதே வகையில் புதிதாகச் சந்தா ஆப் தொடங்க யார் துணிவார்கள்? நடுவில் இருக்கும் சிறியவர்களைத்தான் மைவூஷ் முதலில் நெருக்குகிறது. அப்படி நெருக்கி அவர்கள் போன பிறகு மைவூஷும் நின்றுவிட்டால், இழப்பு எல்லோருக்கும்.

செக் நாட்டின் ரூவி வேறு வழியில் போகிறது. நிஜச் சாலைகளை வீடியோவாக எடுத்து, அதன் மேல் மெய்நிகர் ஓட்டுபவர்களை வைக்கிறது. ஓட்டத் துடிக்கும் ஒரு மலையேற்றத்தை அதன் நிஜக் காட்சியோடு, நிஜச் சரிவோடு ஏறலாம். இதன் பெரிய பலம், கூட்டம் இல்லாவிட்டாலும் இதற்கு மதிப்பு உண்டு. தனியாக ஏறினாலும் அந்த மலை மலைதான். சந்தாதாரர் எண்ணிக்கை பாதியானால் ஜ்விஃப்ட்டின் அனுபவம் கெட்டுவிடும். ரூவியின் அனுபவம் அவ்வளவாகக் கெடாது. ட்ரையத்லான் போட்டிகள் நடத்தும் அயர்ன்மேன் நிறுவனம் 2021-இல் வாங்கி வைத்திருந்த ஃபுல்காஸ் என்ற இதே வகை வீடியோ ஆப்பை 2025-இல் ரூவி வாங்கியது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஆப் ஒன்றாக இணைவது இந்தச் சந்தைக்கு ஆரோக்கியம் என்பது என் எண்ணம். ஃபுல்காஸின் தனித்தன்மையை விரும்பியவர்களுக்கு அதில் வருத்தம் இருப்பதும் புரிகிறது.

ட்ரெய்னர்ரோட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அதில் கவலைப்பட அதிகம் இல்லை. மெய்நிகர் உலகம் கிடையாது. நீல நிறக் கட்டங்கள், இத்தனை நிமிடம் இத்தனை வாட்ஸ் (பெடலில் செலுத்தும் சக்தி), அவ்வளவுதான். எர்க் முறையில் குறித்த வாட்ஸ் மாறாதபடி ட்ரெய்னரே எதிர்ப்பை மாற்றிக்கொள்ளும், நீங்கள் பெடலைச் சுற்றினால் போதும். முடித்த பயிற்சியைப் பார்த்து அடுத்ததை மாற்றியமைக்கும். ஆயிரக்கணக்கானோரை ஒரே சாலையில் ஒரே நொடியில் காட்டும் செலவு அதற்கு இல்லை. ரேஸுக்கு உடம்பைத் தயார் செய்வதுதான் நோக்கம் என்றால், நீடிக்கும் வாய்ப்பு அதிகமுள்ள ஆப் என்று இதைத்தான் சொல்வேன். சலிப்பு தாங்க வேண்டும், அது வேறு விஷயம்.

எனக்கு உண்மையான பதைப்பு இருப்பது ட்ரெய்னிங்பீக்ஸ் வெர்ச்சுவல் மீது. ஜார்ஜ் கில்பர்ட் உருவாக்கிய இண்டிவீலோ என்ற ஆப்தான் அது. ரேஸை நியாயமாக நடத்துவதில், யார் எந்தப் பிரிவில் ஓட வேண்டும் என்பதைத் திறமையை வைத்துத் தீர்மானிப்பதில், அந்த ஆப் காட்டிய அக்கறை பெரிய நிறுவனங்களிடம்கூடத் தாமதமாகத்தான் வந்தது. 2024-இல், பயிற்சித் திட்ட மென்பொருள் நிறுவனமான ட்ரெய்னிங்பீக்ஸ் அதை வாங்கி, தன் பிரீமியம் சந்தாவோடு சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளர் போட்டுக் கொடுக்கும் திட்டமும் அதை ஓட்டிப் பார்க்கும் இடமும் ஒரே கூரையின் கீழ் வருவது நல்ல பொருத்தம். ஆனால் வேறொரு பொருளை விற்கும் நிறுவனம் ஒரு மெய்நிகர் உலகத்தை வாங்கித் தன் சந்தாவோடு கட்டுவதை வாஹூ, ஆர்ஜிடி விஷயத்தில் நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறோம். ட்ரெய்னிங்பீக்ஸிடம் கிடங்கில் தேங்கிய ட்ரெய்னர்கள் இல்லை என்பது பெரிய வித்தியாசம். கூட்டம் குறைவு என்பது அதே பழைய ஒற்றுமை. இதை விரும்புகிறவர்கள் வாரம் ஒரு ரேஸாவது இதில் ஓட வேண்டும். அதைக் காப்பாற்ற ஓட்டுபவரால் செய்ய முடிந்தது அதுதான்.

சரி, ஒரு ஆப் மூடப்பட்டால் என்ன போகும், என்ன இருக்கும்? ஒவ்வொரு ஓட்டத்தின் ஃபிட் கோப்பும் நம்முடையது. வாட்ஸ், இதயத்துடிப்பு, பெடல் வேகம் எல்லாம் அதில் இருக்கும். இறக்கி ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், கோல்டன் சீட்டா போன்ற திறந்தமூல மென்பொருளில்கூடத் திறந்து பார்க்கலாம். ஆப்பின் உள்ளே சம்பாதித்தது எதுவும் வெளியே வராது. ஜ்விஃப்ட்டில் ட்ரான் என்ற மெய்நிகர் சைக்கிளைப் பெற 50,000 மீட்டர் ஏற வேண்டும். ஏறிய உழைப்பு காலில் தங்கும், ஒளிரும் அந்தச் சக்கரம் சர்வரோடு போய்விடும். குழுக்களுக்கும் இதே நிலைதான்: வருடக்கணக்கில் சேர்ந்து ஓட்டியவர்கள் ஆப்புக்கு வெளியே ஒரு தொடர்பு வைத்திருக்காவிட்டால் ஒரே நாளில் சிதறிவிடுவார்கள். ஆர்ஜிடியில் தொடர் ரேஸ் நடத்தியவர்கள் வேறு ஆப்பில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ட்ரெய்னர் விஷயத்தில் நிலைமை நல்லபடியாக இருக்கிறது. ட்ரெய்னரும் ஆப்பும் பேசிக்கொள்வதற்கான எஃப்இ-சி, எஃப்டிஎம்எஸ் என்ற பொதுத் தரங்களைப் பேசும் ட்ரெய்னர் பெரும்பாலும் எந்த ஆப்போடும் சேரும். கவனம் வேண்டியது புதிதாக வந்த மெய்நிகர் கியரில். கியர்களுக்கான பல்சக்கர அடுக்கான கேசட்டுக்குப் பதில், ஒரே ஒரு பல்சக்கரம் கொண்ட ஜ்விஃப்ட் காக் என்ற பாகத்தை மாட்டினால், கியர் மாறுவது மென்பொருளில் நடக்கிறது. சத்தம் குறைவு, பெரும்பாலான சைக்கிள்களை மாட்டலாம், அருமையான ஏற்பாடு. அந்த மெய்நிகர் கியரை ஆதரிக்காத ஆப்புக்குப் போனால் மட்டும் எர்க் வொர்க்அவுட் தவிர மற்ற ஓட்டமெல்லாம் ஒரே கியரில்தான். ரூவி இப்போது ஜ்விஃப்ட்டின் மெய்நிகர் கியரை ஏற்றுக்கொள்கிறது. இது எல்லா ஆப்களுக்கும் பொதுவான தரமாக வளர வேண்டும். அதுவரை காக் மாட்டுபவர்கள் பழைய கேசட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

வருடச் சந்தா கட்டுவதா, மாதாமாதம் கட்டுவதா என்பதற்கும் இதே கணக்குதான். ஜ்விஃப்ட்டில் வருடச் சந்தா 199.99 டாலர், மாதாமாதம் கட்டுவதைவிட சுமார் 40 டாலர் மிச்சம். அங்கேயும் ட்ரெய்னர்ரோட்டிலும் வருடத்துக்குக் கட்ட நான் தயங்கமாட்டேன். கைமாறிக்கொண்டிருக்கும் ஆப்களுக்கு மாதச் சந்தா போதும். மைவூஷில் கட்ட ஒன்றுமில்லை, ஓட்டம் முடிந்ததும் ஃபிட் கோப்பை மட்டும் மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள்.