அர்டுயினோவில் ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக மாற்றுவது: மூன்று வருடப் பாடு

எங்கள் மாடி அறையின் விளக்கையும் மின்விசிறியையும் மூன்று வருடமாக அர்டுயினோ ஊனோ என்ற, நாமே நிரல் எழுதி ஏற்றும் ஒரு சின்ன மின்னணு போர்டுதான் பார்த்துக்கொள்கிறது. கைபேசியில் ஆன், ஆஃப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஹெச்சி-05 என்ற புளூடூத் சில்லு வழியாக போர்டுக்குப் போய்ச் சேரும். கீபோர்டோ முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும், என் நிரலுக்குச் சின்ன எழுத்துக் கட்டளை மட்டுமே தெரியும் என்பதால் போர்டு கண்டுகொள்ளாது. அம்மா இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துபோய் சுவிட்சைப் போடுவார்.

முதலில் ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடரை வைக்கும் வகை) டுலோயர்கேஸைப் போட்டேன், எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் கட்டளை அது. அது எழுத்துகளை இருந்த இடத்திலேயே மாற்றும், எதையும் திருப்பித் தராது. அதன் விடையை இன்னொரு மாறியில் வாங்கப் பார்த்தால் நிரல் கம்பைல் ஆகாது, பிழை காட்டி நின்றுவிடும். மற்றபடி நல்ல வேலைக்காரன். ஆனால் நான் ஒவ்வொரு எழுத்தாக ஸ்ட்ரிங்கில் ஒட்டிக்கொண்டே போனேன். ஊனோவில் இருப்பதே 2 கேபி ரேம் (வேலை நினைவகம்). அது துண்டு துண்டாகிப் போனதாலோ என்னவோ, சில நாளுக்கு ஒருமுறை போர்டு உறைந்து நின்றது. 24 எழுத்துக்கு முன்பே இடம் ஒதுக்கிய கேரக்டர் அர்ரேவுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் ஒரு குறுக்குவழி பிடித்தேன். கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்: ஆங்கிலப் பெரிய ஏ 65, சின்ன ஏ 97, வித்தியாசம் 32. அதாவது ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்). வரும் எல்லா பைட்டிலும் (எட்டு பிட் சேர்ந்தது) அந்தப் பிட்டை 1 ஆக ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் வரி முடிவாக வரும் 13 என்ற எண் 45 ஆகிவிட்டது. அது கோட்டுக் குறி. கட்டளையின் வாலில் அது ஒட்டிக்கொள்ள, எதுவும் பொருந்தவில்லை.

அதைச் சரிசெய்துவிட்டு, அம்மாவுக்காகத் தமிழ்க் கட்டளைகளைச் சேர்த்தேன். "பகல்" என்று அனுப்பினால் திரும்பி வந்தது "பவல௭". கைபேசி எழுத்துகளை அனுப்பும் யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். கடைசி பைட்டில் அந்தப் பிட் ஏறினால் "க" என்பது "வ" ஆகிவிடும். "ல்" மேலுள்ள புள்ளி தமிழ் எண் ஏழாகிவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை, தொடவே கூடாத பைட்டுகளைத் தொட்டிருக்கிறேன்.

இப்போது 65 முதல் 90 வரை இருந்தால் மட்டும் 32 கூட்டுகிறேன், மற்றதை அப்படியே விடுகிறேன். ஒரு எழுத்தைச் சின்னதாக்கும் டுலோயர் கட்டளையைப் பயன்படுத்துவோர் பைட்டை அன்சைன்டாக (மைனஸ் இல்லாத எண்ணாக) மாற்றிக் கொடுங்கள். ஊனோவில் 127க்கு மேற்பட்டவை மைனஸாகப் போகும். வெறும் ஒப்பீடுதான் என்றால், ஆங்கிலப் பெரிய, சின்ன எழுத்து பேதம் பார்க்காமல் ஒப்பிடும் ஸ்ட்ர்கேஸ்கம்ப் கட்டளை போதும், எழுத்தை மாற்றவே வேண்டாம்.

அம்மா இப்போது "பகல்" என்றே தட்டுகிறார். ஒரே தட்டில் விளக்கு அணைகிறது.