சிபாப் மெஷினும் கழுத்துக் கொழுப்பும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

ஸ்லீப் அப்னியா என்று டொக்டர்மார் சொல்கிற, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்காக, காற்றை அழுத்தத்தோடு மூக்குக்குள் செலுத்தும் சிபாப் மெஷினை 2021 முதல் பாவிக்கிறேன். மெஷின் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உடம்புக் கொழுப்பைப் பற்றிக் கேட்பதில்லை. உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்பவர்களோ மெஷின் எதற்கு என்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் சேர்த்து எழுதுகிறேன்.

நோயைக் கண்டுபிடித்தது மனைவிதான். குறட்டை ஏறி ஏறி வந்து சட்டென்று நிற்குமாம். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இராதாம். பிறகு தண்ணீருக்குள் முங்கி எழும்பியவன் மாதிரி ஓர் இழுப்பு. "இஞ்சாருங்கோ, மூச்சு விடுங்கோ" என்று தோளைப் பிடித்து உலுக்கியே அவளுக்குப் பாதி இரவு போய்விடும். உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 41 முறை மூச்சு நிற்பதாகவோ குறைவதாகவோ வந்தது. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேலே போனால் கடுமை.

என்னைப் பார்த்தால் பெரிய குண்டு ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையும் காலும் மெலிவு. வயிறும் கழுத்தும்தான் பருத்தவை. அப்போது கழுத்துச் சுற்றளவு 44 சென்ரிமீற்றர். ஆண்களுக்கு 43 தாண்டினாலே இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் முதலில் சேரும். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று குறைத்து வைத்திருப்பதும் இதனால்தான். எனவே தராசு காட்டும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

கொழுப்பு எப்படி மூச்சை அடைக்கிறது? தொண்டையின் அந்தப் பகுதியில் குழாயை விரித்துப் பிடிக்க எலும்பு இல்லை. தசைகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளரும். பக்கச் சுவர்களில் கொழுப்பு இருந்தால் ஏற்கெனவே ஒடுங்கிய வழி மூடிக்கொள்ளும். நாக்கிலும் கொழுப்பு சேரும் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடை குறைத்த நோயாளிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில், நாக்கின் கொழுப்புக் குறைந்ததுதான் முன்னேற்றத்துக்கு முதன்மையான காரணமாகத் தெரிந்தது. வயிற்றுக்கும் இதில் பங்கு உண்டு. மல்லாந்து படுக்கும்போது வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையை) மேலே தள்ளும்; நுரையீரல் சுருங்கும்; மூச்சுக்குழாயைக் கீழே இழுத்துப் பிடிக்கும் விசை குறையும்; தொண்டை இன்னும் தொய்ந்துவிடும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981 இல் உலகுக்கு அறிவித்த முறை இது. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை மூடாமல் பிடித்து வைக்கிறது. என்னுடையதைக் கனடாவிலிருந்து தம்பி கொண்டுவந்து தந்தான். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்வதால் பிளக்கை மட்டும் மாற்றினேன். ஆனால் அழுத்தத்தை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். முதல் மாஸ்க் கன்னத்தில் தடம் பதித்தது, காற்றும் கண்ணுக்குள் அடித்தது. மூக்குத் துவாரத்தோடு மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க்குக்கு மாறிய பிறகுதான் முழு இரவும் போட்டுக்கொண்டு படுக்க முடிந்தது. மெஷினைக் கைவிட்டவர்களில் பலருக்கு மாஸ்க்தான் பொருந்தியிருக்காது என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய தொல்லை தண்ணீர். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரை, மெஷின் அனுப்பும் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதப் பெட்டியில் ஊற்றினால் சில நாட்களில் அடித்தட்டில் வெள்ளைப் படை பிடிக்கும், நகத்தால் சுரண்டினாலும் வராது. கொதிக்க வைத்து ஆற்றினாலும் முழுதாகத் தீராது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். சோளகம் வீசத் தொடங்கினால் புழுதியில் பில்டர் சீக்கிரமே கறுத்துவிடும். மார்கழிக் குளிரில் ரியூபுக்குள் தண்ணீர் திரண்டு களகளவென்று சத்தம் வரும். மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வாக வைத்தால் தண்ணீர் முகத்துக்கு வராது.

2022 இன் மின்வெட்டுக் காலத்தை மறக்க முடியாது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பற்றரி வாங்கினேன். ஈரப்பதச் சூடாக்கியை நிறுத்தி வைத்தால் அதே பற்றரி மிக நீண்ட நேரம் தாங்கும். கரண்ட் போகிற ஊரில் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

மெஷின் போட்டால் என் மூச்சுத் தடைக் கணக்கு மணிக்கு ஐந்துக்குக் கீழே. காலைத் தலையிடி போய்விட்டது, பின்நேரம் கதிரையில் சாய்ந்தபடி உறங்கிப் போவதும் நின்றது. ஆனால் மெஷின் கொழுப்பைக் கரைக்காது. சிலருக்கு அதைப் பாவிக்கத் தொடங்கிய பிறகு எடை கொஞ்சம் கூடுவதும் உண்டு. அது தந்த பலன், காலையில் எழும்பி நடக்கிற தெம்பு. அதற்கு முன் எழும்பவே முடியாது. உறக்கம் கெட்டால் பசியும் கூடும், பின்நேரம் ரோல்ஸையும் மிதிவெடி என்கிற பலகாரத்தையும் கை தானாக எடுக்கும். இப்போது பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடக்கிறேன், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடிக்கிறேன், வெள்ளை மாப் புட்டுக்குப் பதில் குரக்கன் புட்டு, அதிலும் பாதி அளவு. தேங்காய்ச் சம்பலை விடவில்லை, விடவும் மாட்டேன்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போனது. கழுத்து 41 சென்ரிமீற்றருக்கு வந்தது. மெஷின் இல்லாமல் திரும்பப் பரிசோதித்தபோது மணிக்கு 28. அமெரிக்காவின் விஸ்கொன்சின் ஆய்வு 2000 இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: எடை 10 சதவீதம் குறைந்தால் இந்த எண் 26 சதவீதம் அளவில் குறையும், 10 சதவீதம் கூடினால் 32 சதவீதம் கூடும். 28 இன்னும் நடுத்தர நோய்தான், ஆகவே மெஷினை விடவில்லை. ஆனால் அழுத்தம் குறைந்திருக்கிறது, மாஸ்க் கசிவும் குறைந்திருக்கிறது. பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்கென டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசிக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதி அளித்தது. அது டொக்டரோடு பேச வேண்டிய விடயம். ஒல்லியாக இருந்தும் தாடை உள்வாங்கியிருப்பதால் இந்த நோய் வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களை எடை குறைக்கச் சொல்லி வதைக்க வேண்டாம்.

வீட்டுப் பெண்களையும் கவனியுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்கிறது, நோயின் வாய்ப்பும் கூடுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்ல மாட்டார்கள். அலுப்பு, உறக்கமின்மை, தலையிடி என்றுதான் சொல்வார்கள். என் அக்காவும் அதைத்தான் நெடுநாளாகச் சொல்லிவருகிறா, பிரஷர் மருந்தும் கூடிக்கொண்டே போகிறது. அவவையும் உறக்கப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போக நாள் எடுத்திருக்கிறேன்.